மொட்டை மாடிக்கு ஒரு வக்காலத்து

ஹாம் ரேடியோ தேர்வு எழுதி, உரிமம் கைக்கு வந்து, முதல் ரிக்கை (அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவியை) மேசைமேல் வைக்கும் எவருக்கும் சீனியர் ஒருவரின் அறிவுரை தப்பாமல் கிடைக்கும். "20 மீட்டர், 15 மீட்டர், 10 மீட்டர் எல்லாம் பாருங்க தம்பி. லோ பேண்ட் மட்டும் வேண்டாம். அதுக்கு இடம் வேணும், டவர் வேணும், லீனியர் வேணும். அபார்ட்மென்ட்ல உட்கார்ந்துக்கிட்டு அதெல்லாம் நடக்காது." சொல்பவர் அனுபவசாலி, அக்கறையோடுதான் சொல்கிறார். கேட்பவரும் தலையாட்டிவிட்டு 20 மீட்டருக்கு ஒரு டைபோல் கட்டுகிறார். ரிக்கில் 1.8, 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பொத்தான்கள் தூசி படிந்து கிடக்கின்றன. சில வருடம் கழித்து அவரே சீனியராகி, அடுத்து வருபவருக்கு அதையே ஓதுகிறார்.

இந்தக் கருத்துக்குக் கோபுரவாதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். லோ பேண்ட் என்று ஹாம்கள் சொல்லும் 160, 80, 40 மீட்டர் அலைவரிசைகள் நிலபுலன் உள்ளவர்களுக்கே என்பது அதன் சாரம். இதில் பாதி, தவறான இயற்பியல். மீதிப் பாதி, வேறு ஊருக்குச் சரியான இயற்பியலை நம் ஊரில் கொண்டுவந்து ஒட்டவைத்தது.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் எடுத்து வைக்கிறேன். அலைநீளம் கூடினால் ஆன்டெனாவும் நீளும். அரை அலை டைபோல் ஒன்றுக்கு 7.1 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் கம்பி போதும், 3.6இல் ஏறக்குறைய 40 மீட்டர், 1.85இல் 77 மீட்டர். நீளத்தையாவது மடக்கிச் சமாளிக்கலாம், உயரம்தான் சிக்கல். படுக்கையாகக் கட்டிய டைபோல் அடிவானத்தை நோக்கி அலையை அனுப்ப வேண்டுமென்றால் தரையிலிருந்து அரை அலை உயரமாவது வேண்டும். அதற்குக் கீழே கட்டினால் ஆற்றலில் பெரும்பங்கு தலைக்கு மேலே வானத்துக்குப் போய்விடும். இதுவரைக்கும் யாரும் மறுக்க வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்.

ஆனால் அந்த அரை அலையை மீட்டரில் எழுதிப் பாருங்கள். 40 மீட்டர் பேண்டில் 21 மீட்டர். 80இல் 42. 160இல் 81 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரமே சுமார் 72 மீட்டர்தான். ஊருக்கு வெளியே 30 மீட்டர் டவர் போட்டிருக்கும் பணக்கார ஹாமும் 160 மீட்டரைப் பொறுத்தவரை ஐந்தில் ஒரு பங்கு அலை உயரத்தைக்கூட எட்டவில்லை. அவரும் 'தாழ்ந்த' ஆன்டெனாக்காரர்தான்; மொட்டை மாடிக்காரரைவிடக் கொஞ்சம் குறைவாகத் தாழ்ந்தவர், அவ்வளவே. அரை அலை உயரம்தான் நுழைவுச் சீட்டு என்றால் 160 மீட்டரில் உலகத்தில் அநேகமாக யாருமே இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரத்தில் ஸ்டூவர்ட் பெரி 1930களிலிருந்தே அந்த பேண்டில் கடல் கடந்து பேசிக் காட்டிய கதை ஹாம்களுக்குத் தெரிந்ததே.

உயரம் பற்றிய பேச்சில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்கள்? 40 மீட்டர் பேண்டில் தமிழ்நாட்டு ஹாம்கள் காலையில் கூடும் நெட்டுகளில் சென்னைக்கும் மதுரைக்கும், கோவைக்கும் திருச்சிக்கும்தான் பேச்சு. சென்னையிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். அயனமண்டலத்தின் எஃப் அடுக்கு 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அலை இங்கிருந்து கிட்டத்தட்ட 55 டிகிரி கோணத்தில் மேலே ஏறி, நடுவழியில் முட்டித் திரும்பி மதுரையில் இறங்க வேண்டும். அடிவானத்தை நோக்கிப் போகும் அலை மதுரையைத் தாண்டி எங்கேயோ போய் விழும்.

இப்போது கணக்கைப் போடுவோம். மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி தரையிலிருந்து 10 மீட்டர். அதன்மேல் இரண்டரை மீட்டர் சவுக்குக் கம்பு நட்டு டைபோல் கட்டினால் 12.5 மீட்டர், அதாவது 0.3 அலை. 55 டிகிரியில் அந்த டைபோல் தன்னால் முடிந்த உச்சத்தையே அனுப்புகிறது. அதே டைபோலை 21 மீட்டர் டவர் உச்சிக்கு ஏற்றுங்கள். தரையிலிருந்து பிரதிபலிக்கும் அலை இப்போது நேரடி அலையோடு முரண்பட ஆரம்பிக்கும். 55 டிகிரியில் வலிமை ஏறக்குறைய 5 டெசிபல் விழும். 100 வாட் போட்டு 30 வாட் பலன். நேர் மேலே பார்த்தால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. டவர் வாங்கியவர் மதுரை நண்பருக்குப் பலவீனமாகக் கேட்கிறார். மொட்டை மாடிக்காரர் பளிச்சென்று கேட்கிறார். தரையைச் சமதளமாகவும் நல்ல கடத்தியாகவும் கற்பனை செய்து போட்ட கணக்கு இது. நிஜத் தரை எண்களைச் சற்று மாற்றும். யார் முன்னால், யார் பின்னால் என்பதை மாற்றாது.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவோடு பேச 15 டிகிரி கோணம் வேண்டும் என்று வைத்தால், அங்கே 21 மீட்டர் டவர் மொட்டை மாடியைவிடச் சுமார் 4 டெசிபல் முன்னே நிற்கிறது. சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபல். லட்சங்களும், அடித்தளக் கான்கிரீட்டும், வருடாந்தரப் பெயின்ட்டும் சேர்ந்து வாங்கித் தருவது ஒரு எஸ் புள்ளிக்கும் குறைவு. 4 டெசிபல் அற்பம் என்று நான் சொல்லவில்லை. போட்டிகளில் அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். ஆனால் 4 டெசிபல் இல்லாதவர் பேண்டுக்கே வரக் கூடாது என்பது எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்தது லீனியர், அதாவது அனுப்பும் ஆற்றலைப் பெருக்கும் பெட்டி. இந்தியாவில் ஜெனரல் உரிமக்காரர்களுக்கு 400 வாட் வரை என்று நெடுநாளாக இருக்கும் வரம்பையே எடுத்துக்கொள்வோம். 100 வாட் ரிக்கோடு 400 வாட் லீனியர் சேர்த்தால் கிடைப்பது 6 டெசிபல். மறுமுனையில் ஒரே ஒரு எஸ் புள்ளி. இதற்காகத்தான் இவ்வளவு பேச்சு. லோ பேண்டில் தோற்றுப் போகிறவர்களில் பெரும்பாலோர் அனுப்பும்போது தோற்கவில்லை, கேட்கும்போது தோற்கிறார்கள். மறுமுனை பதில் சொல்கிறது. இவர் காதில் விழவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கேட்பது ஏன் கடினம் என்பதற்கு எண் இருக்கிறது. மனிதன் உண்டாக்கும் மின்சத்தம் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்பதற்கு ஐ.டி.யூ.வின் பி.372 பரிந்துரையில் ஒரு சூத்திரம் உண்டு. பழைய அளவீடுகளிலிருந்து எடுத்த நடுமதிப்புகள்தான். ஆனாலும் அளவு தெரியும். 3.6 மெகாஹெர்ட்ஸில், குரல் பேச்சுக்கான 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், குடியிருப்புப் பகுதியின் சத்தம் எஸ்7ஐத் தாண்டி நிற்கும். அமைதியான கிராமப்புறத்தில் எஸ்4. இடைவெளி 19 டெசிபல். இதை வாட்டாக மாற்றினால் 80 மடங்குக்கு மேல். கிராமத்து வீட்டில் 100 வாட் நிலையம் ஒன்று எவ்வளவு தெளிவாகக் கேட்குமோ, அதே தெளிவு நகரத்து வீட்டில் கிடைக்க வேண்டுமானால் அந்த நிலையம் 8,000 வாட்டுக்கு மேல் போட வேண்டும். நீங்கள் உங்கள் வீட்டில் எத்தனை லீனியர் அடுக்கினாலும் இந்த இடைவெளி ஒரு டெசிபல்கூடக் குறையாது.

சூத்திரத்தில் நம்பிக்கையில்லாதவர்களுக்கு மின்வாரியம் அவ்வப்போது இலவசமாக ஒரு செயல்விளக்கம் நடத்துகிறது. ராத்திரி எட்டு மணிக்கு ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு 80 மீட்டரில் காதை வைத்திருங்கள். எஸ்8இல் ஒரு இரைச்சல் நிலையாக நிற்கும். அதன் நடுவே ஐம்பது கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக முரட்டுக் கீச்சொலிகள். கரன்ட் போகிறது. மீட்டர் முள் ஒரே மூச்சில் எஸ்4க்கு இறங்கும். இதுவரை காலியாக இருந்த அலைவரிசையில் யாரோ மோர்ஸில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஒரு நிமிடம் கழித்து மூன்று வீடு தள்ளி ஒரு பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தொடங்கும். கரகரவென்று வேறு மாதிரி ஒரு சத்தம் வந்து உட்காரும். அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் ஆன்டெனாவின் உண்மையான தகுதி. அதே கம்பி, அதே உயரம்.

கரன்ட் வந்தபிறகு செய்ய வேண்டிய வேலையும் கையில் இருக்கிறது. மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எதில் முள் துள்ளுகிறது என்று பார்ப்பது. பெரும்பாலும் மலிவான எல்.இ.டி. பல்பு, சி.சி.டி.வி. அடாப்டர், ரூட்டர் அடாப்டர், பேட்டரி ஸ்கூட்டர் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் என்று குற்றவாளிகள் ஒவ்வொருவராக அகப்படுவார்கள். சிலவற்றை மாற்றலாம். சிலவற்றின் வயரை 31 ரக ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் வாய் மூடும். அதைவிட முக்கியம், கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னல். வீட்டின் சத்தத்தில் பெரும்பகுதி அந்தப் பின்னல் வழியாகத்தான் மாடிக்கு ஏறி ஆன்டெனாவுக்குள் போகிறது. டைபோலின் நடுவில், பின்னல் வழி வருவதைத் தடுக்கும் ஒரு நல்ல சோக் போடாமல் ஆன்டெனாவைக் குறை சொல்பவர்களோடு பேசிப் பயனில்லை. அடுத்த வீட்டுக்காரரின் அடாப்டரை நம்மால் மாற்ற முடியாதே என்பார்கள். வாஸ்தவம். அதற்குத்தான் கேட்பதற்கென்று தனி ஆன்டெனா.

கோபுரவாதிக்குப் புரியவே புரியாத இடம் இது. அவருக்கு ஆன்டெனா என்றால் ஒன்றுதான்: அதில்தான் அனுப்ப வேண்டும், அதில்தான் கேட்க வேண்டும். உயரமாக, பெரிதாக, எஸ் மீட்டரை அதிகம் தள்ளுவதாக இருந்தால் நல்லது. 3.6 மெகாஹெர்ட்ஸில் வெளியிலிருந்து வரும் சத்தம் ரிக்கின் சொந்தச் சத்தத்தைவிட 40 டெசிபலுக்கு மேல் ஓங்கி நிற்கிறது. அப்படியானால் 30 டெசிபல் மந்தமான ஆன்டெனாவிலும் நீங்கள் எதையும் இழப்பதில்லை. சிக்னலும் சத்தமும் சேர்ந்தே இறங்கும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. அந்த விகிதத்தை மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: சத்தம் வரும் திசையைப் பார்த்துக் காதை மூடிக்கொள்ளும் ஆன்டெனா. அதற்கு உயரம் தேவையில்லை, பெரும்பாலும் பரிமாணமும் தேவையில்லை.

இது நூறு வருடப் பழைய செய்தி. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று சோதிக்க பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனுக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கே டவர் கட்டவில்லை. ஈரமான வயல்வெளியில் ஒரு கூடாரம் போட்டு, ஆள் கையைத் தூக்கினால் எட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பியை இழுத்தார். ஹரால்ட் பெவரேஜ் கண்டுபிடித்த ஆன்டெனா அது. அனுப்புவதற்கு உதவாத, திறன் மிகக் குறைந்த கம்பி. ஆனால் ஒரே திசையில் மட்டும் கேட்கும். கனெக்டிகட்டின் கிரீனிச்சிலிருந்து 1பி.சி.ஜி. நிலையம் அனுப்பியதை அந்தத் தாழ்ந்த கம்பியில்தான் கேட்டார். பெவரேஜுக்கு நீள நிலம் வேண்டுமே என்றால், அதற்குப்பின் வந்தவை இருக்கின்றன. 1997இல் கேரி பிரீட் வெளியிட்ட கே9ஏஒய் வளையம் ஒரே கம்பத்தில், ஒரு வளையத்துக்கு 26 மீட்டர் கம்பியோடு, வீட்டுத் தோட்டத்துக்குள் அடங்கும். மொட்டை மாடிக்கு அதைவிடப் பொருத்தம், தரை இணைப்பே தேவையில்லாத ஃபிளாக்: 4.3 மீட்டர் உயரமும் 8.8 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகக் கம்பி, ஒரு முனையில் ஏறத்தாழ 1,000 ஓம் ரெசிஸ்டர், மறுமுனையில் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர். தெருவிளக்குப் பக்கம் முதுகைக் காட்டி நிறுத்தினால் அந்தப் பக்கத்துச் சத்தம் கணிசமாக இறங்கும். முப்பது மீட்டர் டவரின் உச்சியில் உள்ள டைபோலால் இந்தக் காரியத்தைச் செய்ய முடியாது.

சரி, அனுப்ப வேண்டாமா? 80இலும் 160இலும் அனுப்ப நிற்கும் கம்பிதான் வழக்கம். அதற்கு அடியில் ரேடியல் கம்பிகள் வேண்டும். கோபுரவாதத்தின் இரண்டாவது அரண் இங்கே இருக்கிறது: "120 ரேடியல் புதைக்க உங்ககிட்ட இடம் இருக்கா?" 120 என்ற எண் ஆர்.சி.ஏ. பொறியாளர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் 1937இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அவர்கள் அளந்தது வானொலி ஒலிபரப்பு நிலையங்களுக்காக. 113 கம்பிகள் வரை புதைத்துப் பார்த்தார்கள். கிலோவாட் கணக்கில் நாள் முழுக்க ஒலிபரப்பும் நிலையத்துக்குக் கடைசி அரை டெசிபலும் காசு. ஹாமுக்கு அப்படி இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து ரூடி செவர்ன்ஸ் 7 மெகாஹெர்ட்ஸில் பொறுமையாக அளந்து காட்டினார்: முதல் சில ரேடியல்களில்தான் பெரும் லாபம், 16ஐத் தாண்டினால் லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது, தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய நான்கு ரேடியல்களும் தரையில் கிடக்கும் ஏராளமான ரேடியல்களும் ஏறத்தாழ சமம். தூக்கிக் கட்ட மொட்டை மாடியைவிட நல்ல இடம் எது?

இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். 160 மீட்டருக்கு 10 மீட்டர் நிற்கும் கம்பி மட்டும் இருந்தால் அதன் கதிர்வீச்சுத் தடை சுமார் ஒன்றரை ஓம். அதே கம்பியின் உச்சியிலிருந்து இன்னொரு 30 மீட்டரைப் படுக்கையாக, வேண்டுமானால் மடக்கி, இழுத்துவிட்டால் தடை 6 ஓமை நெருங்கும். இதுதான் இன்வர்ட்டட் எல். உயரம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை; கதிர்வீச்சுத் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு. இப்போது தரை இழப்பு 44 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 50 ஓம். ரிக்குக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1:1, அதாவது முழுப் பொருத்தம், காட்டும். நம்மவர் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். ஆனால் அதன் திறன் வெறும் 12 சதவீதம். 100 வாட்டில் 88 வாட் மண்ணைச் சூடாக்குகிறது. ரேடியல் சேர்த்து இழப்பை 14 ஓமுக்கு இறக்குங்கள். மொத்தம் 20 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர். 2.5க்கு ஏறும், நம்மவர் பதறி ரேடியலைக் கழற்றுவார். அதே சமயம் திறன் 30 சதவீதமாகியிருக்கும். 4 டெசிபல், அதாவது 100 வாட் ரிக்கை 250 வாட் ஆக்கியதற்குச் சமம். செலவு எலெக்ட்ரிக்கல் கடையில் இரண்டு காயில் 'ஒன் ஸ்கொயர்' ஒயர். எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்ற மூடநம்பிக்கை ஹாம்களிடம் உள்ள அளவுக்கு வேறெங்கும் கிடையாது. எதையும் கதிர்வீசாத டம்மி லோடின் எஸ்.டபிள்யூ.ஆரும் எப்போதும் 1:1.

ஒரு எச்சரிக்கை, வாதத்துக்கு வெளியே. ரேடியல் நுனியிலும் இன்வர்ட்டட் எல் நுனியிலும் அனுப்பும்போது மின்னழுத்தம் மிக அதிகம். துணி காயப்போடும் கொடியின் பக்கத்தில் கட்டாதீர்கள். தெருவில் மின்கம்பி ஓடும் பக்கத்துக்குக் கம்பியை வீசாதீர்கள். இடி கேட்டால் கோஆக்ஸைக் கழற்றி வையுங்கள்.

இனி ஊர் மாறிய இயற்பியல். 160 மீட்டருக்கு நிற்கும் ஆன்டெனாதான், படுக்கை டைபோல் வீண் என்பது வேதவாக்காகிவிட்டது. ஜான் டெவோல்டரே போன்றவர்களின் கனமான புத்தகங்கள் அப்படித்தான் போதிக்கின்றன. டெவோல்டரே பெல்ஜியத்துக்காரர், அவருடைய புத்தகம் வெளிவந்தது அமெரிக்காவில். அந்த அட்சரேகைகளில் அது சரி. ஆனால் காந்த நிலநடுக்கோடு நம் தீபகற்பத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதற்காகத்தான். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதே காரணத்துக்காக. இங்கே பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக, வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. அதன் வலிமை சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அந்தப் புலத்தில் எலக்ட்ரான் சுழலும் அதிர்வெண் ஏறத்தாழ 1.1 மெகாஹெர்ட்ஸ். 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு அது சங்கடமான நெருக்கம்.

அயனமண்டலத்துக்குள் நுழையும் அலை இரண்டாகப் பிரியும். ஒன்றைச் சாதாரண அலை என்றும் மற்றதை அசாதாரண அலை என்றும் சொல்வார்கள். எலக்ட்ரானின் சுழல் அதிர்வெண்ணுக்கு அருகில் இரண்டாவதை அயனமண்டலம் விழுங்கிவிடும். 160 மீட்டரில் மிஞ்சி வருவது பெரும்பாலும் முதலாவதுதான். திருநெல்வேலியிலிருந்து கிழக்கே பிலிப்பைன்ஸுக்கோ மேற்கே கிழக்கு ஆப்பிரிக்காவுக்கோ அலையை அனுப்பினால், பிழைக்கும் அந்தச் சாதாரண அலையின் மின்புலம் வடக்கு தெற்காகப் படுக்கையில் இருந்தாக வேண்டும். நிற்கும் கம்பி அனுப்புவது நெட்டுக்குத்தான அலை. அதில் பெரும்பங்கு விழுங்கப்படும் அலைக்கே போய்ச் சேரும். வடக்கு தெற்காகக் கட்டிய டைபோல், தாழ்வாக இருந்தாலும், சரியான அலைக்குச் சோறு போடுகிறது. வடக்கு நோக்கிய பாதைகளில் நிலைமை வேறு. அங்கே நிற்கும் கம்பி இவ்வளவு மோசமில்லை. ஆகவே டைபோலைக் கும்பிடுங்கள் என்று நான் புதிதாக ஒரு வேதம் எழுதவில்லை. மாசசூசெட்ஸில் இருப்பவர் 'படுக்கைக் கம்பி வேண்டாம்' என்று சொன்னதை நாகர்கோவிலில் இருப்பவர் சோதிக்காமலேயே எழுபது எண்பது வருடமாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார் என்பதுதான் என் புகார்.

ரிக் விஷயத்தை அதிகம் இழுக்க வேண்டாம். லோ பேண்டுக்கு விலையுயர்ந்த ரிசீவர் வேண்டும் என்பவர்கள் ஆன்டெனாக் கேபிளைக் கழற்றிப் பார்க்கட்டும். கழற்றியதும் இரைச்சல் நன்றாக விழுந்தால் அந்த ரிசீவரின் உணர்திறன் போதும், பெரும்பாலான ரிக்குகளில் மிச்சமும் உண்டு. 80 மீட்டரில் ப்ரீஆம்ப்பை ஏற்றிவைத்துக் கேட்பவர் தன் ரிக்கைத் தானே செவிடாக்கிக்கொள்கிறார். அங்கே போட வேண்டியது அட்டென்யுவேட்டர். 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் எவ்வளவு எளிமையாக இருக்கலாம் என்பதற்கு ஐதராபாத்திலிருந்து அஷர் ஃபர்ஹான் உலகத்துக்கே பாடம் எடுத்திருக்கிறார். அவருடைய பிட்எக்ஸ் வடிவமைப்பில் விலையுயர்ந்த டொராய்டுகளுக்குப் பதில் தண்ணீர்க் குழாய் வாஷரில் காயில் சுற்றினார். குரலுக்குப் பதிலாக மோர்ஸ் கற்றுக்கொண்டு 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போட்டால் 2.4 கிலோஹெர்ட்ஸைவிடச் சத்தம் 10 டெசிபல் குறையும். லீனியர் தரும் 6 டெசிபலைவிட அது அதிகம்.

எதிர்த்தரப்பில் எனக்கு மரியாதை உண்டாக்கும் வாதம் ஒன்றே ஒன்று: இடி. வெப்பமண்டலத்தில் ஏப்ரல், மே கோடை இடியும், அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையும் 160, 80 மீட்டர்களைப் பொரிகடலை வறுக்கும் சட்டியாக்கிவிடும். உண்மை. ஆனால் அந்தச் சத்தம் டவருக்கும் கேட்கும்; டவரில் உள்ள பெரிய ஆன்டெனாவுக்கு இன்னும் நன்றாகவே கேட்கும். அதற்கு மருந்து திசை பார்க்கும் சிறிய வளையமும் நேரமும்தான். நேரம் எல்லோருக்கும் சமம். சென்னையில் காலை ஆறு மணிக்கு ஐரோப்பா இன்னும் நள்ளிரவில் இருக்கும்; குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருட்டி சில மணி நேரமாகியிருக்கும். இங்கே மாலை ஆறுக்கு ஜப்பானில் இரவு ஒன்பதரை, அமெரிக்க மேற்குக் கரையில் விடியலுக்கு முந்தைய இருட்டு. சூரியன் தொடும் அந்த அரை மணி நேரங்களில் எழுந்து உட்காருவதுதான் 160 மீட்டரில் பாதி வெற்றி. காலை எட்டுக்கு டவரின் கீழே வந்து உட்காருபவருக்கு டவர் ஒன்றும் தராது.

போட்டிகளிலும், அபூர்வத் தீவு ஒன்றைப் பிடிக்க ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கூவும் கும்பலிலும் பெரிய நிலையம்தான் முதலில் ஜெயிக்கும். அதை யார் மறுத்தார்கள்? முதலில் ஜெயிப்பதும் பேண்டுக்கு வருவதற்குத் தகுதி பெறுவதும் ஒன்று என்று யார் சொன்னது என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் ஏற்காதவர்களோடு வாய்ச்சண்டை வேண்டாம். ஜோ டெய்லர் 2008இல் கொடுத்த டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்ற நிரல் இருக்கிறது. 200 மில்லிவாட் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மிகக் குறுகிய சிக்னல் ஒன்று போகும். உலகில் யார் யார் எத்தனை டெசிபலில் கேட்டார்கள் என்று பதிவாகும். டவர் வைத்திருப்பவர் ஒரு ரிலே போட்டு, டவர் டைபோலையும் அதே வளாகத்தில் 12 மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோலையும் மாற்றி மாற்றி இரவு முழுக்க ஓட்டட்டும். கேட்கும் பக்கத்தில் டவர் டைபோலும் ஃபிளாக் வளையமும் போட்டியிடட்டும். அங்கே சிக்னலுக்கும் சத்தத்துக்கும் உள்ள விகிதத்தையே நிரல் பதிவு செய்வதால் ஏமாற்ற வழியில்லை. 160 மீட்டரில் வடக்கு தெற்கு டைபோலையும் நிற்கும் கம்பியையும் கிழக்கு, மேற்கு, வடமேற்கு என்று திசைவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே சராசரியில் போட்டு மூடக் கூடாது. இரண்டு ஆன்டெனாவுக்கும் சோக் போட்டிருக்க வேண்டும். வீட்டு அடாப்டர்களை முதல் நாளே வேட்டையாடி முடித்திருக்க வேண்டும். மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரியாக இருக்கட்டும்: பருவமழை இடி ஓய்ந்திருக்கும், கோடை இடி தொடங்கியிருக்காது.